கடலூர், புதுச்சேரி ஊர் வரலாற்று வினாடி வினா: கேள்வி தேடுவதிலிருந்து மேடை ஏறுவது வரை

எங்கள் தெருப் பையன்கள் பொங்கலுக்கு நடத்தும் வினாடி வினாவில் ஒரு வருஷம் நான்தான் கேள்வி கேட்டேன். சுலபமாக ஆரம்பிக்கலாம் என்று நினைத்து, "புதுச்சேரி விடுதலை அடைந்த நாள் எது?" என்றேன். ஓர் அணி நவம்பர் 1, 1954 என்றது. என் தாளில் ஆகஸ்ட் 16, 1962 என்று இருந்தது. தவறு என்று மணியை அடித்துவிட்டேன். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுந்து, "தம்பி, அப்படீன்னா நவம்பர் ஒண்ணாம் தேதி எதுக்கு லீவு விடுறாங்க?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. அப்புறம் அரை மணி நேரம் போட்டி நடக்கவில்லை, பட்டிமன்றம்தான் நடந்தது.

இரண்டு தேதியுமே சரி என்பதுதான் சங்கதி. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. ஒப்படைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் கொடுக்க இன்னும் ஆறு வருஷம் இழுத்தது. சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. என் கேள்விதான் அரைகுறை. "நிர்வாகம் கைமாறிய நாள்" என்றோ "சட்டப்படி இணைந்த நாள்" என்றோ கேட்டிருந்தால் தகராறே இல்லை.

அன்றைக்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் நானே கேள்வி தயாரிக்கிறேன். பள்ளி ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கம், கோயில் திருவிழா என்று எதற்காவது நீங்களும் ஊர் வரலாற்றில் போட்டி நடத்தப் போகிறீர்கள் என்றால், நான் பட்டுத் தெரிந்துகொண்ட வழி இது.

படி 1: ஊருக்கு எல்லை போடுங்கள்

'புதுச்சேரி' என்ற சொல்லுக்கே மூன்று அளவு உண்டு: நகரம், மாவட்டம், ஒன்றியப் பிரதேசம். மூன்றாவது அளவில் காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் உள்ளே வந்துவிடும். எது உங்கள் அளவு என்று முதலிலேயே முடிவு செய்யாவிட்டால் வம்புதான். ஹாலிவுட் இயக்குநர் எம். நைட் ஷியாமளன் புதுச்சேரியில் பிறந்தவர் என்று யாராவது சொன்னால், பிரதேசக் கணக்கில் சரி. ஆனால் அவர் பிறந்தது கேரளக் கரையில் இருக்கும் மாஹேயில். நகரத்தைப் பற்றிய போட்டியில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆரோவில்லும் அப்படித்தான். வெளியூர்க்காரர்கள் 'பாண்டிச்சேரி ஆரோவில்' என்றே சொல்வார்கள், நிலமோ பெரும்பாலும் தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது.

கடலூருக்கும் இதே சிக்கல். நகரமா, மாவட்டமா? வள்ளலார் பிறந்த மருதூரும், அவர் சத்திய ஞான சபை கட்டிய வடலூரும் மாவட்டத்துக்குள் வரும், நகரத்துக்குள் வராது. அந்த மாவட்டமே 1993-ல்தான் பிரிந்தது. அதற்கு முந்தைய எதை எடுத்தாலும் தென்னார்க்காடு என்றுதான் இருக்கும். 'கடலூர் மாவட்டத்தில் 1920-ல்' என்று ஒரு கேள்வியைத் தொடங்கினீர்கள் என்றால் பின்வரிசை வாத்தியார் மறுபடியும் எழுந்திருப்பார்.

என் யோசனை, இரண்டு நகரங்களையும் சேர்த்து ஒரே போட்டியாக வையுங்கள். நடுவில் இருப்பது இருபது கிலோமீட்டர் சொச்சம். முள்ளோடை தாண்டினால் மாநிலம் மாறிவிடுகிறது, வரலாறு மாறுவதில்லை. ஒன்றில் பிரெஞ்சுக்காரன், இன்னொன்றில் இங்கிலீஷ்காரன். ஒருவன் தும்மினால் இன்னொருவன் துப்பாக்கி எடுத்தான். ஒரு ஊரின் கேள்விக்கு விடை மற்ற ஊரில் கிடக்கும். (கடலூர்க்காரர்கள் சனிக்கிழமை சாயங்காலம் எதற்குப் புதுச்சேரி வருகிறார்கள் என்ற கேள்வி மட்டும் வேண்டாம். குழந்தைகள் இருப்பார்கள்.)

படி 2: ஒரு தேதி அட்டை எழுதுங்கள்

கேள்வி தேடப் போகும் முன் இரண்டு ஊருக்குமான ஆண்டுகளை ஒரு அஞ்சலட்டை அளவுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் செய்தி கையில் கிடைத்தாலும் 'அப்போது ஊர் யார் கையில் இருந்தது?' என்று அட்டையைப் பார்த்தால் பாதிப் பொய் அங்கேயே உதிர்ந்துவிடும்.

புதுச்சேரிக்கு என் அட்டை இப்படிப் போகும். 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் பிரெஞ்சுக் கம்பெனியை இங்கே ஊன்றுகிறார். 1693-ல் டச்சுக்காரர்கள் பிடிக்கிறார்கள். 1699-ல் திரும்பப் பிரெஞ்சு. 1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் விழுகிறது, கோட்டையும் நகரமும் இடித்துத் தரைமட்டமாக்கப்படுகின்றன. அதன்பின் 1778-லும் 1793-லும் மறுபடி ஆங்கிலேயர். கடைசியாகப் பிரான்சுக்குத் திரும்பியது 1816. அப்புறம் 1954, 1962. ஒன்றியப் பிரதேசமானது 1963 ஜூலை 1. பாண்டிச்சேரி என்ற பெயர் அதிகாரபூர்வமாகப் புதுச்சேரி ஆனது 2006.

டச்சுக்காரர்கள் இருந்த அந்த ஆறேழு வருஷத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. 'பிரெஞ்சுக்காரன் போட்ட நேர்த் தெரு' என்று பெருமையாகச் சொல்கிறோமே, கட்டம் போட்டது போன்ற அந்தத் தெரு அமைப்புக்கான வரைபடம் டச்சுக்காரர்கள் காலத்தில் தயாரானது. நல்ல கேள்வி. ஒவ்வொரு முறையும் முக்கால்வாசி அணிகள் கோட்டை விடுகின்றன.

கடலூர் அட்டை சின்னது, ஆனால் காரம் அதிகம். 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலேயக் கம்பெனி வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைக்கிறது. 1746-ல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொனே சென்னையைப் பிடித்ததும் கம்பெனியின் தலைமை இங்கே மாறுகிறது, 1752 வரைக்கும் இங்கேதான். 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடிக்கிறார். 1783-ல் கரையிலும் கடலிலும் பெரிய சண்டை.

1758-ல் லாலி இங்கே இடித்தார், 1761-ல் ஆங்கிலேயர் அங்கே இடித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், கேள்வி தானாகவே எழுந்து உட்காரும்.

படி 3: நடந்து பாருங்கள்

இதைத் தாண்டிக் குதித்து வீட்டிலிருந்தே போனில் தேடித் தயாரித்த போட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். நல்ல ஊர்க் கேள்விக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றே ஒன்று: விடை தெரிந்ததும், மறுநாள் அந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று பையனுக்குத் தோன்ற வேண்டும்.

புதுச்சேரியில் காலை ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலையில் தொடங்குங்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் இந்த ஊர்க் கற்களே கிடையாது. செஞ்சியைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அங்கிருந்து கொண்டுவந்தவை. எத்தனை தூண் என்று எண்ணிவிட்டு வாருங்கள், தினமும் அங்கே நடக்கிறவர்களே தடுமாறும் கேள்வி அது. பக்கத்தில் இருக்கும் பழைய கலங்கரை விளக்கம் 1836-ல் ஏற்றப்பட்டது. எதிரே முதல் உலகப் போரில் பிரான்சுக்காக இறந்த நம்மூர் வீரர்களின் நினைவகம். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே 'சொல்தா' என்று சொல்வோம். அந்தச் சொல் எந்த மொழி என்பதே சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி.

அதே சாலையில் வெள்ளையாக நிற்கும் மேரி கட்டடம். மேரி மாதா பெயரில் கட்டியது என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர். பிரெஞ்சில் நகர மன்றத்துக்கு அதுதான் பெயர், அவ்வளவே. பழைய கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது, இப்போது பார்ப்பது அதே சாயலில் திரும்பக் கட்டியது. பெரிய மார்க்கெட்டுக்கு இருக்கும் 'குபேர் அங்காடி' என்ற பெயரும் இப்படித்தான். குபேரன் என்று நினைத்துச் செல்வம் பெருகட்டும் என்று கும்பிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது எதுவார் குபேர். முதலில் பிரெஞ்சு ஆதரவு அரசியல்வாதி, பிறகு இந்தியாவோடு இணைய வேண்டும் என்ற பக்கம் வந்தவர், 1963-ல் முதல் முதலமைச்சர்.

தெருப் பலகைகளை நின்று படியுங்கள். நீலப் பலகையில் பிரெஞ்சும் தமிழும் இருக்கும். பழைய பெயர், புதுப் பெயர் ஜோடி சேருங்கள். நேரு வீதி முன்பு பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளே பெயரில் துய்ப்ளே வீதி. லால் பகதூர் சாஸ்திரி வீதி முன்பு புஸ்ஸி வீதி, இன்றைக்கும் ஆட்டோக்காரரிடம் புஸ்ஸி வீதி என்றால்தான் வண்டி நகரும். துய்ப்ளேயிடமிருந்து தெருவை வாங்கி நேருவுக்குக் கொடுத்துவிட்டோம், ஆனால் அவர் சிலை கடற்கரையின் தெற்குக் கோடியில் இன்னும் நிற்கிறது.

என்னிடம் இருப்பதிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இப்படித் தெருவில் கிடைத்ததுதான். 'புதுச்சேரியில் தெருப் பெயராக இருக்கும் இரண்டு பிரெஞ்சுக்காரர்கள், ஒருவர் கரையில், ஒருவர் கடலில், 1783-ல் ஒரே ஊருக்காகச் சண்டை போட்டார்கள். ஆட்கள் யார், ஊர் எது?' கரையில் நின்றவர் புஸ்ஸி. கடலில் ஆங்கிலேய அட்மிரல் ஹியூசோடு மோதியவர் சுஃப்ரேன். ஊர் கடலூர். ஜூன் 20 அன்று கடல் சண்டை நடந்தபோது ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்து மாதக்கணக்காகிவிட்டது, செய்திதான் கப்பலில் வந்துகொண்டிருந்தது. அமெரிக்கச் சுதந்திரப் போரோடு சேர்ந்து நடந்த உலகச் சண்டையின் கடைசி மோதல்களில் ஒன்று நம்ம தேவனாம்பட்டினத்துப் பக்கம் நடந்திருக்கிறது என்று சொன்னபோது, மேடையில் இருந்த ஒரு கல்லூரி மாணவி "சும்மா சொல்லாதீங்க சார்" என்றாள்.

கடலூரில் நடக்க வேண்டிய தூரம் கொஞ்சம் அதிகம், பைக் நல்லது. தேவனாம்பட்டினத்தில் கோட்டை என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆனால் அங்கே நின்றுகொண்டு 'குண்டு கிராமங்கள்' கதையைச் சொல்லுங்கள். 1690-ல் கோட்டையை விற்றபோது எல்லையை அளக்கக் கயிறும் சங்கிலியும் எடுக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ, அதுவரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம் என்பதுதான் பேச்சு. அப்படிக் குண்டு விழுந்து கம்பெனிக்குப் போன ஊர்கள்தான் குண்டு கிராமங்கள். இன்றைக்கு மனை விற்கிறவர்கள் காதில் இது விழாமல் இருப்பது நல்லது.

அங்கிருந்து திருப்பாதிரிப்புலியூர். பாடலீஸ்வரர் கோயிலின் தல மரம் பாதிரி, ஊர்ப் பெயரிலேயே மரம் இருக்கிறது. பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் அந்தக் கல்லே தெப்பமாக மிதந்து கரையேறினார் என்பது மரபு. அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் இடத்தின் பெயர் கரையேறவிட்டகுப்பம். பஸ் போர்டில் தினம் பார்க்கும் பெயர். 'எந்தக் குப்பத்தின் பெயர் ஏழாம் நூற்றாண்டுக் கதை ஒன்றை முழு வாக்கியமாகச் சொல்கிறது?' என்று கேட்டால் உள்ளூர்ப் பையன்கள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் பாருங்கள்.

அரிக்கமேட்டுக்கு ஒரு தனிக் காலை ஒதுக்குங்கள். அரியாங்குப்பம் ஆற்றோரம், ரோமானியரோடு வணிகம் நடந்த இடம். 1945-ல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே அந்த மேட்டைப் பற்றி எழுதி வைத்த ஒரு வானியலாளர் இருக்கிறார். அவரைப் பற்றி அடுத்த படியில்.

படி 4: ஆட்களைத் தேடுங்கள், பிறந்த நாளை விடுங்கள்

'பாரதிதாசன் எந்த ஆண்டு பிறந்தார்?' என்பது கேள்வியே கிடையாது, மனப்பாடம். ஒரு மனிதர் இந்த ஊரோடு எங்கே உரசினார் என்று தேடுங்கள்.

பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1908-ல் புதுச்சேரி வந்தார், பத்து வருஷம் இருந்தார், பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் இங்கே எழுதினார். இவ்வளவும் பாடப்புத்தகத்தில் உண்டு. அவர் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய நாள் என்ன ஆனது? 1918 நவம்பர் 20 அன்று எல்லை தாண்டியதும் கடலூர் அருகே கைது. டிசம்பர் 14 வரை கடலூரில் சிறை. பத்து வருஷம் ஒரு ஊர் காப்பாற்றிய ஆளை இருபது கிலோமீட்டரில் அடுத்த ஊர் பிடித்து அடைத்தது. பிரெஞ்சு எல்லை என்றால் என்ன என்று ஒரு மணி நேரம் விளக்குவதை இந்த ஒரு கேள்வி செய்துவிடும்.

ஆனந்தரங்கப் பிள்ளை இல்லாமல் புதுச்சேரிப் போட்டி இல்லை. துய்ப்ளேயின் துபாஷி. 1736-லிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதியவர். அவர் இறந்ததும் ஊர் ஆங்கிலேயரிடம் விழுந்ததும் அதே ஜனவரி மாதம். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று விளக்கிவிட்டுக் கேள்வியை ஆரம்பியுங்கள், பிள்ளைகளுக்கு எளிது. அந்த நாட்குறிப்பை வைத்துப் பிரபஞ்சன் எழுதிய வானம் வசப்படும் 1995-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பிரபஞ்சனும் இந்த ஊர்க்காரர்தான். ஆக, 18-ஆம் நூற்றாண்டில் ஒரு புதுச்சேரிக்காரர் எழுதியதை 20-ஆம் நூற்றாண்டில் இன்னொரு புதுச்சேரிக்காரர் நாவலாக்கினார்.

இப்போது அந்த வானியலாளர். பெயர் லெ ஜாந்தி. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியில் இருந்து பார்த்து அளக்க 1760-ல் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். 1761 ஜூனில் கடப்பு. வழியிலேயே செய்தி வந்தது, புதுச்சேரி விழுந்துவிட்டது என்று. (தேதி அட்டையைப் பாருங்கள்.) நடுக்கடலில், ஆடும் கப்பலில் அளக்க முடியவில்லை. சரி, அடுத்த கடப்பு 1769-ல் வருகிறது என்று எட்டு வருஷம் கிழக்கிலேயே சுற்றினார். இடையில் சமாதானமாகி ஊர் பிரெஞ்சுக்குத் திரும்பியது. 1768-ல் புதுச்சேரி வந்து, இடிபாடுகளுக்கு மேலே நோக்ககம் கட்டிக் காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை, சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடியது. கடப்பு முடிந்ததும் வானம் தெளிந்தது. ஊருக்குத் திரும்பினால், இறந்துவிட்டார் என்று சொத்தைப் பிரிக்க உறவினர்கள் தயாராக இருந்தார்கள்.

பாவம்தான். ஆனால் அந்தக் காத்திருப்பில் அவர் இங்குள்ள தமிழர்களிடம் பஞ்சாங்கக் கணக்கு கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் நேர அளவைத் தமிழ்க் கணக்கு 41 வினாடி குறைவாகச் சொன்னது, ஐரோப்பாவில் டோபியாஸ் மேயர் என்ற வானியலாளர் போட்ட அட்டவணை 68 வினாடி கூடுதலாகச் சொன்னது என்று அவரே குறித்து வைத்தார். இந்த ஒருவரிடமிருந்து ஐந்து கேள்வி எடுக்கலாம். நான் மூன்று ஏற்கெனவே எடுத்துவிட்டேன்.

இன்னொருவர் பொன்னுத்தம்பிப் பிள்ளை, வழக்கறிஞர். 1873-ல் ஐரோப்பிய பாணிச் செருப்பு போட்டு நீதிமன்றம் போனார், அனுமதிக்கவில்லை. விடாமல் பாரிஸ் வரை வழக்காடி ஜெயித்தார். பிறந்த மதம், சாதி வழக்கப்படியான தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்கு மாற வழி செய்த 1881 ஆணைக்குப் பின் லபோர்த் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார். பள்ளியில் 'ஒரு ஜோடி செருப்பால் புதுச்சேரியில் நடந்த வழக்கு' என்று கேட்டுப் பாருங்கள்.

கடலூருக்கு வந்தால் அஞ்சலை அம்மாள். 1927-ல் சென்னையில், 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்துக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போனவர், இருவரும் சிறை சென்றார்கள். மகள் அம்மாக்கண்ணுவுக்கு லீலாவதி என்று பெயர் மாற்றியது யார் என்பது கேள்வி. காந்தி. புதுச்சேரிப் பக்கம் இதற்கு ஈடாக, 1936 ஜூலை 30 அன்று சவானா பஞ்சாலையில் துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் இறந்ததையும், அந்தத் தொழிலாளர் இயக்கத்தின் தலைவர் வ. சுப்பையாவையும் வையுங்கள். ஊர் வரலாறு என்றால் கவர்னர்களும் கவிஞர்களும் மட்டும் என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது.

இலக்கியத்தில் எனக்குத் தற்செயலாகக் கிடைத்த புதையல் ஒன்று. புதுமைப்பித்தன் என்றதும் திருநெல்வேலி என்போம். அவர் பிறந்தது திருப்பாதிரிப்புலியூர், 1906 ஏப்ரல் 25. ஞானபீட விருது பெற்ற ஜெயகாந்தன் பிறந்ததும் கடலூர், 1934 ஏப்ரல் 24. தமிழ்ச் சிறுகதையின் இரண்டு பெரிய ஆட்கள், ஒரே ஊர், நாட்காட்டியில் அடுத்தடுத்த நாள். அட்டையில் எழுதிக்கொண்டே போனேன். பிரபஞ்சன் 1945 ஏப்ரல் 27. பாரதிதாசன் 1891 ஏப்ரல் 29. நான்கு பேரும் ஒரே வாரத்துக்குள்! பிறந்த நாளை விடுங்கள் என்று மேலே சொன்ன நானே இந்த ஒரு இடத்தில் என் சொல்லை மீறுகிறேன்.

கி. ராஜநாராயணனை எந்தப் பட்டியலில் போடுவது என்று ஒவ்வொரு வருஷமும் சண்டை வரும். இடைசெவல்காரர், ஆனால் கடைசிக் காலம் முழுக்கப் புதுச்சேரியில் வாழ்ந்து 2021-ல் இங்கேயே மறைந்தார். 'பிறந்தவர்', 'வாழ்ந்தவர்', 'மறைந்தவர்' என்று கேள்வியிலேயே சொல்லிவிட்டால் சண்டை இல்லை. அரவிந்தருக்கும் இதே விதி. பிறந்தது கொல்கத்தா, புதுச்சேரி வந்தது 1910 ஏப்ரல் 4.

படி 5: கதையைக் கதை என்று சொல்லுங்கள்

ஆயி மண்டபம் நல்ல உதாரணம். பாரதி பூங்காவின் நடுவில் நிற்கிறது, புதுச்சேரி அரசுச் சின்னத்தில் இருப்பதும் அதுதான். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகக் கட்டியது. இது வரலாறு. ஆயி என்ற தாசியின் மாளிகையைக் கோயில் என்று நினைத்து ராஜா கும்பிட்டுவிட்டு, உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னார், அவளே அதை இடித்துக் குளம் வெட்டினாள் என்பது வழிவழியாக வரும் கதை. இரண்டையும் கேட்கலாம். கதைக்கு முன்னால் 'என்று சொல்லப்படுகிறது' என்ற இரண்டு சொல் போடுங்கள், போதும்.

வேறொரு வகை இருக்கிறது, அதில்தான் ஆபத்து. 1783 கடலூர்ச் சண்டையில் பிடிபட்ட ஒரு பிரெஞ்சு சார்ஜென்ட் பிற்காலத்தில் சுவீடன் ராஜாவான பெர்னதோத்தான் என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் அவர் கடலூருக்கு வந்ததையே மறுக்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். கேள்வி எவ்வளவு இனிப்பாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள் என்பது என் வழக்கம்.

'ஆசியாவிலேயே முதல்', 'இந்தியாவிலேயே பெரிய' என்று தொடங்கும் எதையும் எடுக்காதீர்கள். அந்தச் செய்தி ஒரு பலகையிலிருந்து இன்னொரு பலகைக்குத் தாவித் தாவி வந்திருக்கும். இரண்டு தனித்தனி இடங்களில் பார்க்காத எதையும் நான் மேடைக்குக் கொண்டுபோவதில்லை. ஒன்று கல்வெட்டோ பலகையோ இருக்கலாம், மற்றது அச்சில் வந்த புத்தகமாக இருக்க வேண்டும். 1827-ல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகம் இருக்கிறது, பாரதி வீடும் பாரதிதாசன் வீடும் அருங்காட்சியகங்களாக இருக்கின்றன. போகும் முன் விடுமுறை நாளா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் கேளுங்கள், கட்டாயம் கேளுங்கள், ஆனால் அவர்கள் சொன்னதை விடையாக எடுக்காமல் துப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். என் பெரியம்மா இன்னும் இந்த ஊரில் நடந்த எல்லாவற்றையும் துய்ப்ளே கணக்கில்தான் எழுதுவார்.

படி 6: கேள்வியை எழுதுவது

ஒரு கேள்விக்கு ஒரே விடை. விடை ஒரு சொல்லோ ஒரு பெயரோ ஒரு எண்ணோ. துப்பைக் கடினமானதிலிருந்து எளியதற்கு அடுக்குங்கள்.

'தமிழ்த்தாய் வாழ்த்தை எழுதியவர் யார்?' என்றால் பாதிக் கூட்டம் மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை என்று கத்தும், தமிழ்நாட்டுக்கு அது சரி. அதையே இப்படி மாற்றினேன்: 'முள்ளோடையைத் தாண்டி வடக்கே வந்தால் அரசு விழாவில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து மாறிவிடும். இங்கே பாடப்படுவதை எழுதியவர் ஒரு பள்ளித் தமிழாசிரியர். இயற்பெயர் கனக சுப்புரத்தினம். யார்?' மூன்று படியில் எங்கே வேண்டுமானாலும் மணி அடிக்கலாம். முதல் வரியிலேயே பாரதிதாசன் என்று சொன்ன அணிக்கு மூன்று மதிப்பெண், கடைசியில் சொன்னால் ஒன்று.

எழுதி முடித்ததும் வீட்டில் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள். அவர் "எதைக் கேக்குற?" என்றால் கேள்வியைத் திருத்துங்கள்.

படி 7: போட்டி நாள்

இதில் பெரிய வித்தை இல்லை. ஆறு அணி, நான்கு சுற்று, கேள்வி 24. கையிருப்பாக ஆறு. படச் சுற்று ஒன்று கட்டாயம் வையுங்கள், நீங்கள் நடந்தபோது எடுத்த படங்களையே போடலாம். தூணின் அடி, சிலையின் கை, பலகையின் ஓரம் என்று துண்டு துண்டாகக் காட்டினால் கூட்டமே போட்டியில் கலந்துகொள்ளும். கடலூர்க் கேள்வியும் புதுச்சேரிக் கேள்வியும் மாறி மாறி வரட்டும். மைக் ஒன்று கூடுதலாகச் சொல்லி வையுங்கள்.

சமன் ஆனால் எண் கேள்வி ஒன்று போடுங்கள், நெருங்கிய எண் ஜெயிக்கும். நான் வைப்பது கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று அந்தக் கிராமத்தில் புதுச்சேரியின் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். ஆதரவு எத்தனை? 170. யாரும் சரியாகச் சொல்வதில்லை. 90 என்று ஆரம்பித்து 178 வரை போவார்கள். அந்த எட்டுப் பேர் ஏன் மறுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டேதான் கூட்டம் கலையும்.

நடுவரை முன்கூட்டியே பிடித்து, விடைத்தாளை ஒரு வாரத்துக்கு முன் கொடுத்துவிடுங்கள். எங்கள் தெருவில் இப்போதெல்லாம் அந்த நாற்காலியில் உட்காருவது பின்வரிசை வாத்தியார்தான். போன பொங்கலுக்கு என் 24 கேள்வியில் இரண்டைச் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "எந்தத் தேதி, தம்பி?" என்று எழுதித் திருப்பி அனுப்பினார்.